கீழாற்றூர் வயலும் தளிப்பரம்பா பைபாஸும்: யார் சொன்னது சரி?

கேள்வி: கேரளத்தில் தளிப்பரம்பா பைபாஸை எதிர்த்து கீழாற்றூர் மக்கள் ஏன் அவ்வளவு கடுமையாகப் போராடினார்கள்? நெரிசல் தீர பைபாஸ் வேண்டும்தானே? அதுவும் கம்யூனிஸ்ட் ஊரே கம்யூனிஸ்ட் அரசை எதிர்த்தது எப்படி? கேரளத்தில் ஒரு பைபாஸ் போட ஏன் ஒரு தலைமுறை ஆகிறது?

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அது புரிந்தால் மற்றவை எளிது.

பன்வேலில் தொடங்கி கன்னியாகுமரி வரை வரும் தேசிய நெடுஞ்சாலை 66-தான் கேரளத்தின் முதுகெலும்பு. இடப்பள்ளிக்கு வடக்கே இருப்பதை இன்றும் பலர் பழைய எண்ணான 17 என்றே சொல்வார்கள். இந்தச் சாலை ஓரமாகப் போனவர்களுக்குத் தெரியும், ஓர் ஊர் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாது. வீடு, கடை, பள்ளிவாசல், கோயில், மறுபடியும் வீடு. 2011 கணக்கெடுப்பின்படி சதுர கிலோமீட்டருக்கு சுமார் 860 பேர் வாழும் மாநிலம் அது. தமிழ்நாட்டில் ஊருக்கு வெளியே பொட்டல்காடு கிடைக்கும், அதன் வழியே புறவழிச்சாலையை ஓட்டிவிடலாம். கேரளத்தில் ‘ஊருக்கு வெளியே’ என்று ஓர் இடமே கிடையாது. ஓர் ஊரைத் தவிர்த்தால் இன்னோர் ஊருக்குள் போவீர்கள், இல்லையென்றால் வயலுக்குள் இறங்குவீர்கள்.

அதனால்தான் அங்கே பைபாஸ்கள் கிழடு தட்டிப் பிறந்தன. கொல்லம் பைபாஸ் பேச்சு 1972-ல் தொடங்கியது. 13 கிலோமீட்டர் சாலை திறக்கப்பட்டது 2019 ஜனவரியில். தலச்சேரி–மாஹி பைபாஸுக்கு 1977-ல் நில எடுப்பு ஆரம்பம், சாலையில் வண்டி ஓடியது 2024 மார்ச்சில். ஆலப்புழையில் 1990-ல் வேலையைத் தொடங்கினார்கள். 7 கிலோமீட்டர்கூட முழுதாக இல்லாத அந்தச் சாலை ரயில் பாதையைக் கடக்கும் இரண்டு மேம்பாலங்களில் சிக்கி, 2021 ஜனவரியில்தான் முடிந்தது. கல்யாணம் ஆகாத வயதில் நிலத்துக்கு நோட்டீஸ் வாங்கியவர் பேரனோடு போய்த் திறப்பு விழாவைப் பார்த்திருப்பார்.

தாமதத்துக்குச் சோம்பேறித்தனம் மட்டும் காரணம் இல்லை. சாலை எவ்வளவு அகலம் என்பதிலேயே பல வருடம் போனது. நாடு முழுக்க 60 மீட்டர் என்றால் கேரளத்துக்கு 45 மீட்டர் என்று டெல்லி இறங்கி வந்தது. 2010-ல் கேரளத்தின் எல்லாக் கட்சிகளும் சேர்ந்து ‘எங்களுக்கு 30 போதும்’ என்று கேட்டன. ஆளும் கட்சி, எதிர்க்கட்சி என்று வித்தியாசமே இல்லாமல் கேட்டன, அது அபூர்வம். மத்திய அரசு ஒப்புக்கொள்ளவில்லை. அப்புறம் 45-க்கே இறங்கி வந்தார்கள். 2016-ல் பினராயி விஜயன் முதல்வரானதும் இந்தச் சாலையைத் தன் ஆட்சியின் அடையாளமாக எடுத்துக்கொண்டார். நிலச் செலவில் 25 சதவீதத்தை மாநிலமே தருவதாக ஒப்புக்கொண்டது பிறகு நடந்தது. அந்த வேகத்தின் குறுக்கே வந்து நின்ற ஊர்தான் கீழாற்றூர்.

கண்ணூர் மாவட்டத்தில் தளிப்பரம்பா நகராட்சிக்குள் வருகிற கிராமம் அது. தளிப்பரம்பா ஊருக்குள் நெடுஞ்சாலை குறுகலானது, இரண்டு பக்கமும் கடைகள். அங்கே ஆறு வழிச்சாலை போட வேண்டுமென்றால் கடைத்தெருவை இடிக்க வேண்டும். சரி, பைபாஸ். முதலில் பேசப்பட்ட தடத்தில் நிறைய வீடுகள் போகும் என்று எதிர்ப்பு வந்தது. பிறகு குப்பத்தில் பிரிந்து கீழாற்றூர், கூவோடு வழியாகக் குற்றிக்கோலில் வந்து சேரும் தடம் தேர்வானது. இதில் இடிபடும் வீடுகள் குறைவு, ஏனென்றால் பெரும்பகுதி நெல்வயல். வயல் கூட்டம் கூட்டாது, வழக்குப் போடாது, ஓட்டும் போடாது. வரைபடத்தின் முன்னால் உட்கார்ந்திருக்கும் பொறியாளருக்கு வயலைவிட வசதியான இடம் கிடையாது. அவர்மேல் தப்பும் சொல்ல முடியாது. வீட்டைக் காப்பாற்று என்றுதான் அவருக்கு எல்லோரும் சொன்னார்கள்.

ஆனால் அந்த வயல் என்ன வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும். வட கேரளத்தின் குன்றுகள் செம்புரைக்கல்லால் ஆனவை. அங்கே வெட்டுக்கல் என்பார்கள், வீடு கட்ட அறுத்து எடுக்கும் அதே சிவப்புக் கல். அதில் ஓட்டைகள் அதிகம், மழைத் தண்ணீரை உறிஞ்சி உள்ளே வைத்துக்கொள்ளும். பிறகு மெல்ல மெல்ல அடிவாரத்தில் கசியவிடும். அந்தக் கசிவு வந்து சேரும் தாழ்வான பகுதிதான் வயல். ஆனி ஆடியில் குன்றிலிருந்து வரும் வெள்ளத்தைத் தாங்கி நிறுத்துவதும், பங்குனி சித்திரையில் சுற்றுவட்டாரக் கிணறுகளில் தண்ணீர் நிற்க வைப்பதும் அதுதான். நெல் விளைச்சல் இதில் ஒரு பகுதிதான். வயலின் குறுக்கே அணை மாதிரி மண்மேட்டைப் போட்டால் ஒரு பக்கம் தண்ணீர் தேங்கும், மறுபக்கம் காயும். போதாததற்கு அந்த மேட்டுக்கு வேண்டிய மண்ணை வேறு ஏதாவது குன்றை வெட்டித்தான் கொண்டுவர வேண்டும். அதாவது தண்ணீரைச் சேமிக்கும் குன்றும் போகும், வாங்கிக்கொள்ளும் வயலும் போகும். போராடியவர்கள் சொன்னதின் சாரம் இதுதான். இதில் அறிவியலுக்கு எதிரான ஒரு வரிகூட இல்லை.

இதற்குப் பின்னால் ஒரு பெரிய கணக்கும் இருக்கிறது. 1974–75-ல் கேரளத்தில் சுமார் 8.8 லட்சம் ஹெக்டேரில் நெல் பயிரானது. இந்தப் போராட்டம் நடந்த காலத்தில் அது 2 லட்சத்தைச் சுற்றி இருந்தது. ரப்பர், தென்னை, வாழை, வீடு, கடை என்று வயல் கரைந்துவிட்டது. இதை யார் முதலில் கூவிச் சொன்னார்கள் தெரியுமா? மார்க்சிஸ்ட் கட்சிதான். 1997-ல் அவர்களுடைய விவசாயத் தொழிலாளர் சங்கம் வயலில் வைத்த மாற்றுப் பயிர்களை வெட்டிச் சாய்க்கும் போராட்டத்தையே நடத்தியது. ‘வெட்டிநிரத்தல்’ என்று இன்றும் பேசப்படுகிறது, வி.எஸ். அச்சுதானந்தனின் பெயரோடு ஒட்டிக்கொண்ட போராட்டம். அவர் முதல்வராக இருந்த 2008-ல்தான் நெல்வயல், சதுப்புநிலப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வயலை நிரப்புவது குற்றம் என்று சொன்ன சட்டம். ஆக, கீழாற்றூர்க்காரர்கள் கட்சிக்கு எதிராகப் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. கட்சி வகுப்பில் கற்றதைத்தான் திருப்பிச் சொன்னார்கள்.

2017-ல் ‘வயல்கிளிகள்’ என்ற பெயரில் அமைப்பானார்கள். முன்னால் நின்றவர் சுரேஷ் கீழாற்றூர், அவரும் கட்சிக்காரர்தான். செப்டம்பரில் உண்ணாவிரதம் நடந்தது. பொதுப்பணித்துறை அமைச்சர் ஜி. சுதாகரன் கூப்பிட்டுப் பேசினார், மாற்றுத் தடம் பார்க்கிறோம் என்ற வகையில் அது தணிந்தது. ஆனால் தடம் மாறவில்லை. போராட்டத்தில் இருந்த 11 உறுப்பினர்களைக் கட்சி நீக்கியது. கண்ணூரில் கட்சியிலிருந்து நீக்கம் என்றால் சந்தா அட்டை போவதோடு முடியாது. கல்யாணம், கருமாதி, பால் சொசைட்டி எல்லாவற்றிலும் அது தெரியும்.

2018 மார்ச் 14 அன்று நில அளவைக்கு அதிகாரிகள் போலீசோடு வந்தார்கள். போராட்டக்காரர்கள் மண்ணெண்ணெயை மேலே ஊற்றிக்கொண்டு தடுத்தார்கள். போலீஸ் அவர்களைக் கைது செய்து கூட்டிப் போன பிறகு, வயலில் இருந்த போராட்டப் பந்தலுக்குக் கட்சித் தொண்டர்களே தீ வைத்ததாகச் செய்தி வந்தது. நாள் பொருத்தத்தைப் பாருங்கள். அதே கட்சியின் விவசாய சங்கம் நாசிக்கிலிருந்து மும்பைக்கு ஆயிரக்கணக்கான விவசாயிகளை வெறுங்காலோடு நடத்திக் கூட்டிப்போய் நாடே கைதட்டியது மார்ச் 12 அன்று. இரண்டே நாள் இடைவெளி. பத்திரிகைகள் சும்மா விடுமா? கீழாற்றூர் ஒரே வாரத்தில் கேரளம் முழுக்கப் பேசும் பெயரானது. மேற்கு வங்கத்தில் இடதுசாரி அரசின் நில எடுப்பை எதிர்த்தவர்கள்மேல் 2007-ல் போலீஸ் சுட்ட நந்திகிராமோடு ஒப்பிட்டார்கள். அந்த ஒப்பீடு மிகை என்பது என் எண்ணம். இங்கே துப்பாக்கிச் சூடு இல்லை, பறிக்கப்பட்ட நிலத்தின் அளவும் ஒப்பிடவே முடியாதது.

அமைச்சர் சுதாகரன் சட்டசபையிலேயே இவர்கள் வயல்கிளிகள் அல்ல, வயல் கழுகுகள் என்றார். வயலில் இறங்கி வேலை செய்யாதவர்கள் போராடுகிறார்கள் என்பது அவர் வாதம். கட்சி பதிலுக்கு, நிலம் வைத்திருப்பவர்களில் பெரும்பாலானோர் சம்மதக் கடிதம் கொடுத்துவிட்டார்கள் என்று சொல்லி, ஊரைக் காக்கிறோம் என்று தன் பக்கம் ஒரு பேரணியும் நடத்தியது. மறுநாள், மார்ச் 25 அன்று, மாநிலத்தின் பல பகுதிகளிலிருந்து ஆட்கள் வந்து எரிந்த பந்தலை மறுபடி எழுப்பினார்கள்.

சம்மதக் கடிதம் விஷயத்தைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்கலாம், ஏனென்றால் கட்சி சொன்னது பொய் என்று நான் நினைக்கவில்லை. 2015-லிருந்து நெடுஞ்சாலைக்கு எடுக்கும் நிலத்துக்கும் 2013 சட்டத்தின் இழப்பீட்டுக் கணக்கே பொருந்தும். சந்தை மதிப்பு, அதன் மேல் அதே அளவு ஆறுதல் தொகை, கிராமப்புறமாக இருந்தால் அதற்கு ஒரு பெருக்கல். சட்டப்படி எளிதில் வீடு கட்ட முடியாத, அதனால் நல்ல விலைக்கு விற்கவும் முடியாத வயலுக்கு இப்படி ஒரு விலை வந்தால் எத்தனை பேர் வேண்டாம் என்பார்கள்? பிள்ளை வளைகுடாவில், விவசாயத்துக்கு ஆள் கிடைப்பதில்லை, ஆண்டு முழுக்கப் பார்த்தாலும் கையில் நிற்பது சொற்பம். உடைமையாளர் கையெழுத்துப் போடுவது இயல்பு. ஆனால் வயல் தரும் தண்ணீரை அனுபவிப்பவர் உடைமையாளர் மட்டும் இல்லை. சுற்றியுள்ள கிணற்றுக்காரர், மழைக்காலத்தில் வீட்டுக்குள் தண்ணீர் வருமோ என்று பயப்படுபவர், இவர்கள் யாருக்கும் பட்டா கிடையாது, ஆகவே சட்டத்தின் கண்ணில் இவர்கள் பாதிக்கப்பட்டவர்களே கிடையாது. இந்தச் சட்டத்தின் பெரிய குருட்டுப் புள்ளி இதுதான்.

மாற்று வழி ஏதாவது இருந்ததா என்று கேட்பீர்கள். இருந்தது. கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் என்பது இடதுசாரி மனச்சாய்வு உள்ள அறிவியல் இயக்கம், அரசின் எதிரி என்று சொல்ல முடியாது. அவர்கள் ஆய்வு செய்து, ஊருக்குள் இருக்கும் சாலையையே பயன்படுத்தி அதன்மேல் மேம்பாலம் கொண்டுபோனால் வயலும் தப்பும், இடிபடும் கட்டடங்களும் குறையும் என்றார்கள். செலவு கட்டுப்படியாகாது, நடைமுறைக்கு ஒவ்வாது என்பது பதில். பாஜகவும் போராட்டத்துக்கு ஆதரவாக வந்ததால் மத்திய அரசு ஒரு குழுவை அனுப்பியது. அந்தக் குழு வயலைத் தவிர்ப்பது நல்லது என்ற பொருளில் எழுதிவிட்டு, வேறு வழி இல்லையென்றால் எடுக்கலாம் என்ற கதவையும் திறந்தே வைத்தது. அந்தக் கதவு வழியாகத்தான் 2018 நவம்பரில் நில எடுப்பு அறிவிக்கை வந்தது. டெல்லியில் வேறு கட்சி, திருவனந்தபுரத்தில் வேறு கட்சி. சாலை விஷயத்தில் மட்டும் ஒரே கை. அதே 2018-ல் நெல்வயல் சட்டமும் பொதுத் திட்டங்களுக்கு எளிதாகும்படி திருத்தப்பட்டது.

இப்போது அந்த ‘நடைமுறைக்கு ஒவ்வாது’ என்ற பதிலுக்கு வருகிறேன். எனக்குக் கோபம் வருகிற இடம் இது. அதே நெடுஞ்சாலை 66-ல், கொச்சிக்குத் தெற்கே அரூரிலிருந்து துறவூர் வரை 12.75 கிலோமீட்டருக்கு, இருக்கிற சாலையின் நடுவிலேயே ஒற்றைத் தூண் வரிசை நட்டு ஆறு வழிச்சாலையை மேலே கொண்டுபோகும் வேலை 2023-ல் தொடங்கியது. ஆலப்புழை பைபாஸிலும் கடற்கரையைக் கெடுக்காமல் இருக்க 3.2 கிலோமீட்டர் தூண் மேல்தான் போகிறது. அப்படியானால் தொழில்நுட்பம் இருக்கிறது, பணமும் இருக்கிறது. நிலத்தின் விலை உச்சத்தில் இருந்தால் தூண் கட்டுப்படியாகும், வயலாக இருந்தால் கட்டுப்படியாகாது. மண் கொட்டிய சாலையைவிடத் தூண் மேல் போகும் சாலைக்குப் பல மடங்கு செலவு என்பது உண்மை. ஆனால் அந்தக் கணக்கில் காய்ந்துபோகும் கிணறு எந்தப் பத்தியிலும் வருவதில்லை.

பிறகு 2025 மே மாதம் வந்தது. மலப்புறம் மாவட்டம் கூரியாட்டில், வயலுக்கு நடுவே உயரமாக மண் நிரப்பிக் கட்டிய இதே நெடுஞ்சாலையின் ஒரு பகுதி மே 19 அன்று சரிந்தது. கீழே இருந்த சர்வீஸ் ரோடு பிளந்து, போய்க்கொண்டிருந்த கார்கள் மாட்டிக்கொண்டன. காரணம் புரியாத புதிர் ஒன்றும் இல்லை. நீர் நிறைந்த களிமண் மேல் பெரிய எடையை ஏற்றினால் களிமண்ணுக்குள் இருக்கும் தண்ணீருக்கு வெளியேற நேரம் வேண்டும். அந்த நேரம் தராவிட்டாலும், அடிமண்ணை முன்கூட்டியே பலப்படுத்தாவிட்டாலும், அது பக்கவாட்டில் வழுக்கும், மேலே இருப்பது உட்காரும். மழையில் ஊறிய வயல்மண் எடையைத் தாங்கவில்லை என்றுதான் நெடுஞ்சாலை ஆணையமும் சொன்னது. ஒப்பந்த நிறுவனத்தை விலக்கி வைத்தார்கள், அந்த இடத்தில் மண்மேட்டுக்குப் பதில் தூண் பாலம் என்று முடிவானது. முதலிலேயே செய்ய வேண்டியதை இடிந்த பிறகு செய்கிறார்கள்.

அதே வாரம் தளிப்பரம்பா பக்கத்திலேயே, பைபாஸ் பிரிகிற குப்பத்தில், சாலைக்காக வெட்டிய குன்றிலிருந்து சேறும் தண்ணீரும் வீடுகளுக்குள் புகுந்தது. மக்கள் சாலையை மறித்தார்கள். 2017-ல் வயல்கிளிகள் சொன்னதும் இதுவும் ஒன்றேதான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன், இடமும் வேலையும் வேறு. ஆனால் குன்றை வெட்டி வயலை நிரப்பும் முறையே இந்த நிலத்துக்குச் சரிவராது என்ற அவர்களுடைய அடிப்படை வாதத்தை இனி யாரும் சிரித்துத் தள்ள முடியாது. போராட்டம் தோற்றது. சாலை வயல் வழியாகத்தான் போனது.

நெரிசல் தீருமா என்ற உங்கள் கேள்விக்குச் சுருக்கமாகவே பதில் சொல்ல முடியும். தளிப்பரம்பா ஊருக்குள் சில வருடம் நிம்மதி இருக்கும். அதற்கு மேல் உத்தரவாதம் கிடையாது. கொச்சியில் இடப்பள்ளியிலிருந்து வைற்றிலா வழியாக அரூர் வரை போவதும் பைபாஸாகப் பிறந்த சாலைதான். இன்று அதுதான் நகரத்தின் நடுத்தெரு. ஓரத்தில் லுலு மால் வந்தது, பாலாரிவட்டம், வைற்றிலா, குண்டன்னூர் என்று வரிசையாக மேம்பாலங்கள் வந்தன. பாலாரிவட்டம் பாலத்தைத் திறந்த மூன்றே வருடத்துக்குள் மூடி, திரும்பக் கட்ட வேண்டியதாயிற்று. இப்போது அந்த பைபாஸுக்கே ஒரு பைபாஸ், அங்கமாலியிலிருந்து குண்டன்னூருக்கு, திட்டத்தில் இருக்கிறது. பைபாஸின் இரு பக்கமும் கட்டடம் வராமல் தடுக்க முடியாத நகராட்சி, பைபாஸ் கேட்பதற்கு முன் அதை யோசிக்க வேண்டும்.

நம் பக்கத்தில் இதெல்லாம் இல்லை என்று நினைக்க வேண்டாம். இதே 66-ன் கடைசித் துண்டு கன்னியாகுமரி மாவட்டத்தில் களியக்காவிளையிலிருந்து வருகிறது. குளமும் வயலும் கடந்து போகும் அந்த நான்கு வழிச்சாலை, நிரப்ப மண் கிடைக்காமலே வருடக்கணக்கில் இழுத்தது. விழுப்புரம்–நாகப்பட்டினம் சாலையில் இன்னொரு பிரச்சினை. விரிவாக்கம் 100 கிலோமீட்டரைத் தாண்டினால்தான் சுற்றுச்சூழல் அனுமதி கேட்கும் நிலை வரும் என்பது விதி, அந்தச் சாலையோ 100-க்குக் குறைவான நான்கு துண்டுகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அனுமதியைத் தவிர்ப்பதற்காகவே துண்டு போடுவது கூடாது என்று 2021 ஜனவரியில் நீதிமன்றம் சொன்னது, ஆனால் வேலையை நிறுத்தவில்லை. அதற்கு ஒரு மாதம் முன்புதான் சேலம்–சென்னை சாலை வழக்கில், நில எடுப்பு அறிவிக்கை கொடுப்பதற்கு முன்பே சுற்றுச்சூழல் அனுமதி வாங்கியிருக்க வேண்டியதில்லை என்று தீர்ப்பு வந்திருந்தது.

இந்தத் தீர்ப்பின் நடைமுறை விளைவைச் சொல்லிவிடுகிறேன், உங்கள் ஊரில் பைபாஸ் பேச்சு இருந்தால் பயன்படும். தேசிய நெடுஞ்சாலைச் சட்டத்தில், நிலத்தை எடுக்கப்போகிறோம் என்று சொல்லும் 3ஏ பிரிவு அறிவிக்கை வந்ததும் ஆட்சேபம் சொல்ல 21 நாள்தான். எடுப்பதை உறுதி செய்யும் 3டி பிரிவு அறிவிக்கை வந்துவிட்டால் நிலம் மத்திய அரசுக்குச் சொந்தமாகிவிடும், அதற்குப் பிறகு பேச்செல்லாம் பணத்தைப் பற்றி மட்டும்தான். அந்த 21 நாளுக்குள் ‘எங்கள் நிலத்தை எடுக்காதே’ என்று மட்டும் எழுதிக் கொடுத்தால், பொது நன்மைக்காக என்று ஒரே வரியில் தள்ளிவிடுவார்கள். எத்தனை தடங்களை ஒப்பிட்டுப் பார்த்தார்கள், இந்தத் தடத்தில் மண் பரிசோதனை எங்கெங்கே எடுத்தார்கள், வாய்க்கால் ஒவ்வொன்றையும் சாலை எதன் வழியாகக் கடக்கிறது, குழாயா, பெட்டிப்பாலமா, தூணா, நிரப்பும் மண் எந்த ஊர்க் குன்றிலிருந்து வருகிறது என்று கேளுங்கள். பட்டா இல்லாத கிணற்றுக்காரர்களும் தனியாக மனுக் கொடுக்கட்டும். மனுவைச் சட்டப்படி ஆட்சேபமாக ஏற்க வேண்டியதில்லை என்று அதிகாரி சொல்லக்கூடும். அப்போதும் தேதி, முத்திரையோடு ரசீது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நீதிமன்றத்துக்குப் போனால் அந்தக் காகிதம்தான் முதலில் கேட்கப்படும்.